விசிறிக்கு நடுவே சுட்ட துப்பாக்கி

அந்த இயந்திரத் துப்பாக்கியை விமானத்தின் இறக்கையில் வைத்திருந்தால் ஷ்ரவ்யாவுக்கு இத்தனை பாடு வந்திருக்காது. ஆனால் அது இருந்தது விமானி உட்காரும் இடத்துக்கு நேர் முன்னால். குறி பார்க்கத் தோதான இடம் அதுதான். சிக்கல் என்னவென்றால், துப்பாக்கிக்கு முன்னால் விமானத்தின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குண்டு வெளியே போக வேண்டுமென்றால் சுற்றுகிற விசிறியின் இரண்டு பிளேடுகளுக்கும் நடுவே புகுந்துதான் போக வேண்டும்.

விமானம் பறக்கிற விமானம் அல்ல. முதல் உலகப் போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானம் ஒன்றை அச்சு அசலாக, முழு அளவில், கோயம்புத்தூரிலேயே செய்திருந்தார்கள். செய்யச் சொன்னவர் அழகிரிசாமி. மில் முதலாளி. அறுபது வயதுக்கு மேல் மில்லைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, நீலாம்பூருக்கு அப்பால் சும்மா கிடந்த பஞ்சு குடோனை விமானக் காட்சிக்கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை வைத்துக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது. இன்ஜின் ஓட வேண்டும், விசிறி சுற்ற வேண்டும், துப்பாக்கி சுட வேண்டும், வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதற்காகத்தான் ஷ்ரவ்யாவை வேலைக்கு எடுத்தார்.

ஷ்ரவ்யாவுக்கு இருபத்தெட்டு வயது. கருமத்தம்பட்டிப் பெண். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் நான்கு வருடம் இருந்தாள். அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை, வேறு யாரோ வரைந்த படத்தில் வேறு யாரோ சொன்ன திருத்தத்தைப் போடுவது. ஒரு நட்டு, ஒரு போல்ட்டு, 'இது நான் செய்தது' என்று காட்ட அவளிடம் இல்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது அம்மா பங்காரம்மா எதுவும் கேட்கவில்லை. பங்காரம்மா கணவர் போன பிறகு பதினாறு விசைத்தறிகளை ஆள் வைத்து ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவர். கேள்வி கேட்க அவருக்கு நேரமும் இல்லை. மகள் விமானக் காட்சிக்கூடத்தில் சேர்ந்தபோதும் அப்படித்தான். "சாயங்காலம் பஸ் இருக்குதா?" என்று மட்டும் வீட்டுத் தெலுங்கில் கேட்டுக்கொண்டார்.

சுற்றுகிற விசிறிக்கு நடுவே சுடுவது அந்தக் காலத்திலேயே பெரிய தலைவலியாக இருந்த விஷயம். போர் தொடங்கிய புதிதில் விசிறியில் குண்டு பட்டால் தெறித்துப் போகட்டும் என்று பிளேடுகளில் இரும்புத் தகடு அடித்துப் பார்த்தார்கள். பிறகுதான் சரியான வழி கண்டார்கள். இன்ஜின் சுழற்சியோடு துப்பாக்கியின் விசையை ஒரு தண்டால் இணைத்துவிட்டார்கள். விமானி விரலை அழுத்திக்கொண்டிருக்கும்வரை, பிளேடு குழலுக்கு முன்னால் இல்லாத நேரமாகப் பார்த்து இன்ஜினே விசையைத் தட்டும். அதைத்தான் ஷ்ரவ்யா திரும்பச் செய்ய வேண்டும். வெளித்தோற்றத்துக்கு மட்டும் அது போர்க்கால இயந்திரத் துப்பாக்கி. உள்ளே இருந்தது காற்றழுத்தத்தில் ஈயக் குண்டு சுடும் குழல். அழகிரிசாமி அதற்கு வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கிவிட்டார். குண்டுகள் போய்ச் சேர எதிரே மணல் மூட்டை அடுக்கி, அதன்மேல் காகிதக் குறிப்பலகை ஒன்றும் மாட்டியாயிற்று. இன்ஜின் ஒரு பழைய ஜீப்பினுடையது.

விசிறியைச் செய்தவர் அஃபான். உக்கடத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறார். ஷ்ரவ்யாவை விட ஏழெட்டு வயது மூத்தவர். தேக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காயவிட்டு, செதுக்கி, இழைத்து, ஆளுயரத்துக்கு மேல் நீண்ட அந்த விசிறியை உருவாக்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. மாட்டிய அன்று விரலால் தள்ளிவிட்டார். சத்தமே இல்லாமல் சுற்றி, எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. எல்லோரையும்விட அவர்தான் அதை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சோதனை ஆனி மாதத்தில். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஷ்ரவ்யா விசையைப் பிடித்தாள். பட் பட் பட் என்று குண்டுகள் போய்க் காகிதத்தில் விழுந்தன. விசிறியில் ஒரு கீறல் இல்லை. அழகிரிசாமி குழந்தை மாதிரி கை தட்டினார். இன்ஜினை இன்னும் விரட்டச் சொன்னார். வேகம் கூடக்கூட விசிறி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, வெறும் பழுப்பு நிற வட்டமாகிவிட்டது. ஷ்ரவ்யா மறுபடி விசையைப் பிடித்தாள்.

வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிளேடின் நுனிப்பக்கத் துண்டு ஒன்று பிய்ந்து மேலே போய்த் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு போயிற்று. விமானம் முழுவதும் காய்ச்சல் கண்ட மாதிரி உதறியது. அவள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள். யாருக்கும் அடிபடவில்லை. அஃபான் கீழே கிடந்த மரச் சிம்புகளைப் பொறுக்கி ஓர் ஓரமாக வைத்தார். கை கழுவிக்கொண்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. விசை தட்டப்பட்டதும் குண்டு அந்தக் கணமே விசிறியைத் தாண்டிவிடுவதில்லை. காற்று திறக்கக் கொஞ்சம் நேரம், குண்டு குழலைக் கடக்கக் கொஞ்சம் நேரம். கண் சிமிட்டுவதைவிடச் சின்ன நேரம்தான். ஆனால் வேகமாகச் சுற்றுகிற விசிறி அதற்குள் கால் வட்டத்துக்கு மேல் திரும்பிவிடுகிறது. எனவே விசையை இன்னும் முன்கூட்டியே தட்ட வேண்டும். தண்டு விசையைத் தட்டும் நேரத்தை ஷ்ரவ்யா அதற்கேற்ப முன்னால் நகர்த்தி வைத்தாள். அஃபான் இரண்டாவது விசிறி கொண்டுவந்தார். ஆடி பாதியில் மறுபடி ஓட்டினார்கள். இந்தத் தடவை முழு வேகத்தில் ஒரு பழுதும் இல்லை. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஜீப் இன்ஜின் இருமியது. வேகம் சட்டென்று குறைந்தது. ஷ்ரவ்யாவின் விரல் இன்னும் விசையின்மேல்தான் இருந்தது. மெதுவான விசிறிக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது விசிறியும் போயிற்று.

அஃபான் அன்றைக்குப் போய்விடவில்லை. உடைந்த பிளேடுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"மூணாவது ஒண்ணு செஞ்சு தாரேனுங்க. ஆனா நாலாவது என்னால ஆகாதுங்க. மரம் கெடைக்காதுன்னு சொல்லலை. மனசு கெடைக்காதுங்க."

ஷ்ரவ்யா சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் அழகிரிசாமி அவளை அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். புரட்டாசியில் விமானப்படை தினத்துக்குத் திறப்புவிழா வைத்தாயிற்று, விமானப்படையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றார். வேகத்தை உணரும் ஒரு சின்ன சென்ஸாரும் கம்ப்யூட்டர் பலகையும் வைத்தால் விசிறி எந்த வேகத்தில் சுற்றினாலும் அதுவே கணக்குப் போட்டுச் சுடும் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் சொன்னாராம். இல்லாவிட்டால் குண்டே வேண்டாம், சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டு, குழல் முனையில் ஒரு விளக்கை மின்னவிட்டால் போதும் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

சென்ஸார் வைத்தால் வேலை செய்யும் என்பது ஷ்ரவ்யாவுக்கும் தெரியும். பேராசிரியர் சொன்னதில் தப்பே இல்லை. அவளே ஒரு வாரத்தில் செய்துவிடுவாள்.

"செய்யலாமுங்க சார்," என்றாள். "ஆனா அதைக் காட்டறதுக்கு எதுக்குங்க இந்த விமானம்? அவங்ககிட்ட அன்னைக்கு இரும்பும் எண்ணெயும்தானுங்க இருந்துச்சு. அதை வெச்சுத்தான் செஞ்சாங்க. நம்மால முடியலைன்னு ஆகட்டும், அப்ப நானே சென்ஸார் வெச்சுத் தாரேன்."

அழகிரிசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆவணி முடியற வரைக்கும் பாரு அம்மணி," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சில நாட்கள் அவளுக்கு வேலை ஓடவில்லை. எந்த வேகத்துக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு தண்டைத் தானாகத் திருப்பிக்கொடுக்கும் அமைப்பு ஒன்றை வரைந்தாள். பார்க்க அழகாக இருந்தது. அதில் இருந்த பற்சக்கரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, ஓடுகிற இன்ஜினில் இது ஒரு நாள்கூடத் தாங்காது என்று அவளே அடித்துப்போட்டாள்.

அந்த வாரம்தான் அம்மாவிடம் தறி ஓட்டுகிற காளிச்சாமி அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போயிருந்தார். வருடம் தவறாமல் போவார். குதிரை வாங்கியதாக ஒருவருக்கும் நினைவில்லை, ஆனாலும் போவார். ஆள் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை ஷ்ரவ்யாவே தறிக்கூடத்தில் நின்றாள். மத்தியானத்துக்கு மேல் மின்சாரம் மங்கியது. விளக்குகள் மஞ்சளாயின. தறிகளின் சத்தம் தளர்ந்தது. ஓரத்துத் தறி ஒன்று 'டமார்' என்று நின்றது. அவள் போய் ஓட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அதுவே மறுபடி நின்றது. பக்கத்துத் தறியும் நின்றது.

இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் வளர்ந்தாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். அந்த இடைவெளியில் குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா என்கிற கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும். நாடா போய்ச் சேருவதற்குள் பாவு மூடிவிட்டால் ஆயிரக்கணக்கான நூல்கள் அறுந்து, நாள் முழுக்க முடிச்சுப் போட வேண்டியதுதான். மின்சாரம் மங்கும்போது நாடா பிந்தும். அதனால்தான் தறியில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நாடா நேரத்துக்கு மறுபக்கத்துப் பெட்டியில் வந்து உட்காராவிட்டால் தறி அந்த இடத்திலேயே தன்னை நிறுத்திக்கொள்ளும். பிந்தி வருகிற நாடாவுக்காகக் கணக்கை மாற்றிக்கொள்ள அது முயல்வதில்லை. மின்சாரம் சரியாகும்வரை ஓட மாட்டேன் என்று நின்றுவிடுகிறது.

ஷ்ரவ்யா நின்ற தறியின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இத்தனை நாளும் அவள் துப்பாக்கியை எந்த வேகத்திலும் சுட வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எதற்கு? விமானம் சண்டைக்குப் போகும்போது இன்ஜின் முழு வேகத்தில்தானே ஓடும். அந்த வேகத்துக்கு மட்டும் கணக்கை வைத்தால் போதும். வேகம் குறைந்தால் துப்பாக்கி சுடவே கூடாது. விமானி விரலை அழுத்திக்கொண்டே இருந்தாலும் சுடக் கூடாது.

பங்காரம்மா அந்தப் பக்கம் வந்தார். மகள் சிலை மாதிரி நிற்பதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"இல்லம்மா," என்றாள் ஷ்ரவ்யா. "வழி தெரிஞ்சுபோச்சு."

என்ன வழி என்று பங்காரம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பப் போய் அதைப் பாரு கண்ணு, தறியை நான் பார்த்துக்கறேன்," என்றார்.

பழைய ஆயில் இன்ஜின்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு இரும்பு உருண்டைகள் சுற்றும். வேகம் கூடினால் விரியும், குறைந்தால் சேரும். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பழைய சாமான் கடையில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து ஜீப் இன்ஜினோடு பூட்டினாள். இன்ஜினிலிருந்து துப்பாக்கி விசைக்குப் போகும் தண்டை நடுவில் வெட்டி, இடைவெளியில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு வைத்தாள். வேகம் போதுமான அளவு இருந்தால் உருண்டைகள் விரிந்து அந்தத் துண்டை இடைவெளிக்குள் தள்ளும், தண்டு விசையைத் தட்டும். வேகம் குறைந்தால் துண்டு விலகிக்கொள்ளும், தண்டு வெறும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அரைத்து, தேய்த்து, பொருத்தி, கழற்றி, மறுபடி அரைத்து, ஆவணி முழுக்க அவள் கையில் கிரீஸ் போகவே இல்லை.

விசிறியை மாட்டாமல் வெறும் இன்ஜினில் பலமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மரச்சட்டம் ஒன்றை விசிறிக்குப் பதிலாகக் கட்டி ஓட்டினாள். அஃபான் மூன்றாவது விசிறியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தார். இவள் சரி என்று சொல்லும்வரை துணியை அவிழ்க்கவில்லை. சொன்ன அன்று இரண்டு பேருமாக மாட்டினார்கள். ஒரே ஒரு தடவை ஓட்டினார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. அழகிரிசாமி சென்ஸார் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

விழா அன்று குடோன் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள், அக்கம்பக்கத்து மில்காரர்கள் என்று நல்ல கூட்டம். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி வெள்ளைச் சட்டையில், முதுகு நிமிர்ந்து, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பங்காரம்மா தறிக்கு அரைநாள் லீவு விட்டு, காளிச்சாமியையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் இருந்தார். பங்காரம்மா அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

இன்ஜின் உறுமியது. விசிறி சுற்றி, மறைந்து, வட்டமானது. ஷ்ரவ்யா விமானியின் இருக்கையில் உட்கார்ந்து விசையைப் பிடித்தாள். குண்டுகள் சரமாரியாகப் பாய்ந்தன. எதிரே காகிதப் பலகையில் ஓட்டைகள் விழுவதைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். சுற்றுகிற விசிறிக்குள் புகுந்துதான் குண்டு போகிறது என்று அழகிரிசாமி ஒலிபெருக்கியில் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது.

ஜீப் இன்ஜின் அன்றைக்கும் இருமியது.

விசிறி தளர்ந்தது. வட்டம் கலைந்து பிளேடுகள் மங்கலாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. அஃபான் நின்ற இடத்திலிருந்து ஓரடி முன்னால் வந்துவிட்டார். ஷ்ரவ்யா விரலை எடுக்கவில்லை. எடுத்துவிடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விசையை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

துப்பாக்கி நின்றுவிட்டது.

பின்னால் யாரோ, "போச்சு, மாட்டிக்கிச்சு," என்றது அவள் காதில் விழுந்தது. அழகிரிசாமி மைக்கைக் கையில் பிடித்தபடி விமானத்தின் பக்கம் திரும்பினார். இன்ஜின் இன்னும் இரண்டு தடவை இருமிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்ட மாதிரி மறுபடி வேகம் பிடித்தது. பிளேடுகள் மறைந்தன. அவள் விரல் இருந்த இடத்தில்தான் இருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. துப்பாக்கி தானாகவே மறுபடி சுட ஆரம்பித்தது.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

இன்ஜின் நின்றதும் அவர் நேரே விமானத்துக்கு வந்தார். நடுவில் சுடாமல் நின்றது பழுதா, இல்லை அப்படித்தான் செய்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஷ்ரவ்யா இன்ஜின் மூடியைத் திறந்து இரும்பு உருண்டைகளையும் அந்த விரல் நீளத் துண்டையும் காட்டினாள். வேகம் குறைந்தால் துப்பாக்கி தன்னை நிறுத்திக்கொள்ளும் என்று சொன்னாள். அவர் உருண்டைகளைக் கையால் விரித்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். போர்விமானங்களோடேயே வாழ்ந்த மனிதர். ஒரு துப்பாக்கி சுடுவதைவிடச் சுடக் கூடாத நேரத்தில் சுடாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"எந்த நாட்டு டிராயிங்கைப் பார்த்துச் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"இந்தத் துண்டு மட்டும் எங்க ஊர்த் தறியைப் பார்த்துச் செஞ்சதுங்க," என்றாள். "கருமத்தம்பட்டியிலங்க."

அவர் சிரிக்கவில்லை. மைக்கை அழகிரிசாமியிடமிருந்து வாங்கி, இப்போது நடந்தது பழுது அல்ல, இந்த விமானத்திலேயே பார்க்க வேண்டிய விஷயம் அதுதான் என்று கூட்டத்துக்குச் சொன்னார். இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி, நடுவில் இன்ஜினை வேண்டுமென்றே தளர்த்தச் சொன்னார். அவள் தளர்த்தினாள். துப்பாக்கி நின்றது. விரட்டினாள். சுட்டது. இந்தத் தடவை எழுந்த கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

அஃபான் அதற்குள் விசிறியிடம் போயிருந்தார். ஒவ்வொரு பிளேடாக, அடியிலிருந்து நுனிவரை, உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். இரண்டாவது பிளேடின் நுனியில் கை நின்றதும் ஷ்ரவ்யா பக்கம் திரும்பினார். "ஒரு கீறல் இல்லைங்க அம்மணி," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வந்தபோது ஷ்ரவ்யா அவரையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேர் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள், தப்பாகப் போட்டுவிடக் கூடாதென்று.

கூட்டம் கலைந்த பிறகு பங்காரம்மா விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். துப்பாக்கியின் குழலைத் தொட்டுப் பார்த்தார். நிஜப் போரில் இதனால் ஆட்கள் செத்திருப்பார்கள் அல்லவா என்று மகளிடம் கேட்டார். ஆமாம் என்றாள் ஷ்ரவ்யா. பங்காரம்மா குழலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு மூடிக்குள் எட்டிப் பார்த்து, எந்தத் துண்டு இவள் செய்தது என்று கேட்டார். ஷ்ரவ்யா காட்டினாள். அந்தத் துண்டைப் பங்காரம்மா வெகுநேரம் பார்த்தார். "சுத்தமா இழைச்சிருக்கிறே," என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் பங்காரம்மா கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினார். விமானம் பறந்தது என்றார். மகள்தான் ஓட்டினாள் என்றார். விமானப்படை முழுக்க வந்து எழுந்து நின்று சல்யூட் அடித்தது என்றார். ஷ்ரவ்யா ஒன்றிரண்டு தடவை அம்மாவின் கையைத் தொட்டு, அப்படியில்லை என்று சைகை காட்டினாள். பங்காரம்மா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். கணியூர் தாண்டும்போது ஷ்ரவ்யா திருத்துவதை விட்டுவிட்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தாள்.